புன்னகைக்கும் குறிப்பேடுகள்

சுற்றுலாத் தொழிலில் ஒரு தவறு நடந்தால், அதைக் கண்ட சாட்சி மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தச்சர் செய்த நாற்காலி ஆடினால் அவர் கண்முன்னே ஆடும். மருந்து வேலை செய்யாத நோயாளி மருத்துவரைத் தேடித் திரும்ப வருவார். பாடம் புரியாத மாணவன் அடுத்த வாரமும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். ஹோட்டல் விருந்தினரோ சாவியைக் கொடுத்து, நன்றி சொல்லி, போய்விடுகிறார். அந்த நன்றி மனதாரச் சொன்னதா, ஆளை விட்டால் போதும் என்று சொன்னதா என்பது வரவேற்பு மேசையில் நிற்பவருக்குத் தெரியப்போவதே இல்லை. இணையத்தில் அவர் போடும் நட்சத்திரங்கள் அந்த இடைவெளியை நிரப்பும் என்கிறார்கள். இரண்டு நட்சத்திரமும் ‘சேவை சுமார்’ என்ற ஒரு வரியும் வந்து சேரும்போது, எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லில் அது சுமாரானது என்பதை அந்த வரி சொல்லாது.

இதனால்தான் இந்தத் தொழிலில் பழக்கம் வேறு, பாடம் வேறு என்று நினைக்கிறேன். பத்து ஆண்டுகள் குழுக்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி பத்து ஆண்டுகளும் அதே இடத்தில் அதே நகைச்சுவையைச் சொல்லியிருக்கலாம். அது எடுபட்டதா என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே நேர்ந்திருக்காது. முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில் பழைய தவறும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே அரங்கேறும். நடந்ததைத் தானாக நிறுத்தி, திரும்பிப் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் அனுபவம் வெறும் ஆண்டுக் கணக்காகத்தான் சேரும். சுற்றுலா, விருந்தோம்பல் படிப்புகளில், நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் ‘மீள்நோக்குக் குறிப்பேடு’ என்ற ஒன்றைக் களப்பயிற்சிக்குப் போகும் மாணவர்களிடம் கட்டாயமாகக் கேட்பதன் நியாயம் இதுதான். நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் குறிப்பேடுகளைப் படிக்கும் வேலைதான் எனக்கு. சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால், அவை எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன. ‘இந்த அனுபவம் எனக்குப் பல பாடங்களைக் கற்றுத்தந்தது.’ ‘முதலில் பதற்றமாக இருந்தது, பிறகு தன்னம்பிக்கை வளர்ந்தது.’ ‘இனி வரும் காலத்தில் இதைத் தவிர்ப்பேன்.’ ஒரு சின்னத் தவறு, ஒரு பெரிய மனவருத்தம், ஒரு உறுதிமொழி. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பிரித்தறிய முடியாது. சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இவற்றை எழுதியவர்களில் பலர் கூர்மையானவர்கள். நேரில் பேசினால் ஒரு சுற்றுலாக் குழுவின் மனநிலையை அப்படியே பிட்டுப் பிட்டு வைப்பவர்கள். எழுத உட்கார்ந்ததும் மட்டும் ஏன் இந்த வழவழப்பு?

எனக்குக் கிடைத்த விடை, இந்தத் துறையின் அடிப்படைப் பயிற்சியிலேயே இருக்கிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ‘உணர்வு உழைப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். உடல் உழைப்பையும் மூளை உழைப்பையும் போலவே, முகத்திலும் குரலிலும் குறிப்பிட்ட ஓர் உணர்வைக் காட்டுவதும் சம்பளத்துக்காகச் செய்யப்படும் உழைப்புதான் என்றார். வெளியே மட்டும் நடிப்பது ஒரு வகை; உள்ளேயும் அப்படியே உணரத் தன்னைப் பழக்கிக்கொள்வது இன்னொரு வகை. நம் மாணவர்களுக்கு முதல் பருவத்திலிருந்தே நாம் கற்றுக்கொடுப்பது இதைத்தான். எதிரே இருப்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று பார்; அதைக் கேட்பதற்கு முன்பே கொடு. அவர்கள் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். பிறகு ஆசிரியர் ஒரு குறிப்பேட்டைக் கேட்கிறார். அவர் என்ன எதிர்பார்க்கிறார்? கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் வளர்ச்சி, நிறைய நன்றி. கொடுத்துவிடுகிறார்கள். மீள்நோக்குக் குறிப்பேடு ஆசிரியருக்குச் செய்யப்படும் விருந்தோம்பலாகிவிடுகிறது. நானும் நல்ல விருந்தினரைப் போல மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பதுதான் எழுதப்படாத ஒப்பந்தம்.

இந்தக் கூத்துக்குக் கல்வியியல் கொடுத்த அச்சு, கல்வியியலாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த வட்டம். ஆறு படிகள்: நடந்ததைச் சொல்லுதல், உணர்ந்ததைச் சொல்லுதல், நல்லது கெட்டதை மதிப்பிடுதல், அலசுதல், முடிவுக்கு வருதல், அடுத்த முறைக்குத் திட்டமிடுதல். செவிலியர் கல்வியும் ஆசிரியர் கல்வியும் இதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடின. விருந்தோம்பல் படிப்புகளுக்கும் அது வந்து சேர்ந்தது. வட்டத்தில் தவறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அது ஆறு கட்டங்களுள்ள படிவமாக மாறியதில்தான் வினை. படிவம் என்றால் நிரப்பத் தோன்றும். முதல் கட்டத்தை இரண்டே வரியில் தாண்டிவிட்டு, இரண்டாவது கட்டத்தில் உணர்வுகளைக் கொட்டி, ஆறாவதில் சபதம் எடுத்து முடிப்பதுதான் நான் பார்க்கும் வழக்கம்.

ஆனால் இந்தச் சிந்தனை மரபின் தொடக்கத்துக்குப் போனால், அங்கே உணர்வுக்கு முதலிடம் இல்லை. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1910-இல் எழுதியபோது, ஆழ்ந்த சிந்தனை ஒரு குழப்பத்தில்தான் பிறக்கிறது என்றார். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் நிற்பவன்தான் யோசிக்கிறான். யோசிப்பது என்றால் அவருக்கு, தான் நம்பும் ஒன்றை எடுத்துவைத்து, அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது, அதை நம்பினால் அடுத்து எங்கே போய் நிற்பேன் என்று விடாமல் சோதிப்பது. ‘எனக்கு எப்படி இருந்தது’ என்பதைவிட ‘நான் எதை வைத்து அப்படி நினைத்தேன்’ என்பதே அங்கே பெரிய கேள்வி. நம் குறிப்பேடுகளில் காணாமல் போனது இந்தக் கேள்விதான்.

ஒரு உதாரணம். பழைய அரண்மனை ஒன்றில் இயங்கும் அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகக் களப்பயிற்சி செய்த மாணவி ஒருவர் எழுதிய முதல் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘குழுவில் ஒரு பெண்மணி ஆர்வமே இல்லாமல் இருந்தார். நான் பேசும்போது வேறு பக்கம் பார்த்தார். அது என் மனதைப் பாதித்தது. எல்லோரையும் ஈர்க்கும் வகையில் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உணர்ந்தேன்.’ நான் அதைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பெண்மணியைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். ‘ஆர்வம்’, ‘பாதிப்பு’ போன்ற சொற்களுக்குத் தடை.

திரும்பி வந்த பக்கத்தில் ஒரு வரலாறே இருந்தது. இரண்டாவது கூடத்தில், உயரமான ஜன்னல்களுக்கு முதுகு காட்டி நின்று மாணவி பேசியிருக்கிறார். பெண்மணி குழுவின் வலது ஓரத்தில் நின்றார். பேச்சு தொடங்கியதும் மாணவியின் முகத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். ஒரு அடி முன்னால் வந்தார். மறுபடியும் முகத்தையே பார்த்தார். பிறகுதான் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த கூடத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்க, அவர் குனிந்து காதருகே நிதானமாகச் சொன்னார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்த சுவரோவியத்தின் முன்னே மட்டும் அந்தப் பெண்மணி கடைசி வரை மாணவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணவி அதை எழுதி முடித்ததும் எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. “அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போல, சார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார். ஜன்னலுக்கு எதிராக நான் நின்றால் என் முகமே இருட்டாகத்தானே தெரிந்திருக்கும்” என்று மாணவியே சொன்னார். அது உறுதியா என்று கேட்டால், இல்லை. அந்தப் பெண்மணி போய்விட்டார், இனிக் கேட்க வழியில்லை. ஆனால் ‘ஆர்வமில்லாத பயணி’ என்ற தீர்ப்பைவிட இந்த ஊகத்துக்கு ஆதாரம் அதிகம். சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். வெயிலும் வெளிச்சமும் வழிகாட்டியின் முகத்தில் விழட்டும், குழுவின் கண்ணில் விழக் கூடாது என்பது அனுபவமுள்ள வழிகாட்டிகளின் பால பாடம். அதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தும் மாணவிக்கு நினைவில் நிற்கவில்லை. இப்போது அதன் காரணத்தோடு சேர்த்துத் தெரியும். முதல் குறிப்பில் அவர் எடுத்த சபதம், அதாவது எல்லோரையும் ஈர்க்கும்படி பேசுவது, பிரச்சினையைத் தொட்டே இருக்காது. இன்னும் உற்சாகமாக, இன்னும் வேகமாகப் பேசியிருப்பார். அந்தப் பெண்மணிக்கு அது இன்னும் மோசம்.

வெறும் விவரணைக்கு இவ்வளவு வலிமை இருப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படைக்காக நடந்த ஆய்வுகளில் விமானிகளிடம் கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு, குறிப்பிட்ட சம்பவங்களைக் கேட்டார்கள். அந்த முறையை உளவியலாளர் ஜான் ஃபிளனகன் 1954-இல் ஒழுங்குபடுத்தி எழுதினார். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, சம்பந்தப்பட்டவர் துல்லியமாக என்ன செய்தார் என்று கேட்கும் முறை அது. சேவைத் துறை ஆய்வாளர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மேரி ஜோ பிட்னரும் அவருடைய சகாக்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் விமானம், ஹோட்டல், உணவகம் ஆகியவற்றின் வாடிக்கையாளர்களிடமிருந்து ஏறத்தாழ 700 சம்பவங்களைத் திரட்டினார்கள். வாடிக்கையாளர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்த சம்பவங்களில் பல, ஏதோ ஒன்று பிசகித் தொடங்கியவை. அறை தயாராக இல்லை, விமானம் தாமதம். ஆனால் எதிரே இருந்த ஊழியர் அதை ஒப்புக்கொண்டு, காரணம் சொல்லி, மாற்று ஏற்பாடு செய்தார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பிட்னரும் சகாக்களும் 1994-இல் கேள்வியை ஊழியர்கள் பக்கம் திருப்பியபோது கிடைத்தது. ஊழியர்கள் சொன்ன கசப்பான சம்பவங்களுக்காக ஒரு புதிய வகையையே சேர்க்க வேண்டியிருந்தது: பிரச்சினைக்கார வாடிக்கையாளர். தங்கள் நடத்தையே கசப்புக்குக் காரணம் என்று அவர்கள் சொன்னவை குறைவு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம்தான் தெரியும். ஆனால் மீள்நோக்கு என்ற பெயரில் தனியாக உட்கார்ந்து எழுதுவதே போதும் என்று நம்புகிறவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும். தனிமையில் எழுதினால் நம் நியாயம்தான் மேலும் மெருகேறும். கல்வியியலாளர் ஸ்டீபன் புரூக்ஃபீல்டு 1995-இல் ஆசிரியர்களுக்கு நான்கு கண்ணாடிகளைப் பரிந்துரைத்தார்: சொந்த வாழ்வனுபவம், மாணவர்களின் பார்வை, சக ஆசிரியர்களின் பார்வை, கோட்பாட்டு நூல்கள். சுற்றுலாவுக்கு இதை மாற்றிப் போட்டால், விருந்தினரின் கண் இல்லாத குறிப்பு அரைக்குறிப்புதான். விருந்தினர் போய்விட்ட பிறகு அந்தக் கண்ணை எங்கே தேடுவது? அதே குழுவில் பின்வரிசையில் நின்ற சக மாணவரிடம்தான். களப்பயிற்சியில் இருவர் இருவராக அனுப்புவதற்கு நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

டேவிட் கோல்ப் 1984-இல் முன்வைத்த அனுபவக் கற்றல் வட்டத்தைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அனுபவம், அவதானிப்பு, கருத்தாக்கம், சோதனை என்ற வரிசை பயனுள்ளது. அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த ‘கற்றல் பாணிகள்’ விவகாரத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொருவரின் பாணிக்கும் ஏற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர்கள் 2008-இலேயே விரிவாக அலசிச் சொல்லிவிட்டார்கள்.

தொழில் வல்லுநர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்டு ஷோனைத் தாண்டிப் போக முடியாது. தொழில் அறிவு என்பது பல்கலைக்கழகத்தில் உருவான கோட்பாட்டைக் களத்தில் கொண்டுபோய்ப் பொருத்துவது மட்டும்தான் என்ற எண்ணத்தை 1983-இல் அவர் உடைத்தார். கட்டடக் கலைஞர், உளநல மருத்துவர், நகரத் திட்டமிடுபவர் என்று பலரின் வேலையைக் கூர்ந்து பார்த்து, தேர்ந்தவர்கள் வேலை நடக்கும்போதே அதோடு உரையாடுகிறார்கள் என்றார். செயலின் நடுவே யோசிப்பது ஒன்று. செயல் முடிந்த பிறகு யோசிப்பது இன்னொன்று. நல்ல வழிகாட்டியைப் பார்த்தவர்களுக்கு முதலாவது உடனே விளங்கும். பஸ் தாமதமாக வந்துவிட்டது, குழந்தைகள் சிணுங்குகின்றன, முதல் வாக்கியத்தைச் சொல்லும்போதே அவர் மனதுக்குள் இரண்டு நிறுத்தங்களை வெட்டி, உட்கார இடமுள்ள மண்டபத்தை முன்னுக்குக் கொண்டுவருகிறார். கேட்டால் ‘சும்மா தோன்றியது’ என்பார். சும்மா தோன்றவில்லை. அந்தத் தோன்றலைப் பிரித்துச் சொல்ல வைப்பதுதான் கற்பிப்பவரின் வேலை. இளையவர்களுக்குக் கைமாற்றக் கூடிய அறிவு அதற்குள்ளேதான் இருக்கிறது. நம் படிப்புகளோ, செயல் முடிந்த பிறகு எழுதுவதற்கே எல்லா மதிப்பெண்ணையும் கொடுத்துவிட்டு, நடுவே யோசிப்பதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஷோனும் நிர்வாகவியல் அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸும் சேர்ந்து 1974-இல் சொன்ன இன்னொன்று, நிறுவனங்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. நாம் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் கொள்கை ஒன்று. நம் செயலை உண்மையில் நடத்தும் கொள்கை வேறொன்று. ‘விருந்தினரே முதன்மை’ என்று சுவரில் மாட்டியிருக்கும். கணினியில் அறை எண்ணைத் தேடும் நேரத்தில் ஊழியர் தலை நிமிராமல் இருப்பார், ஏனென்றால் ஒரு செக்-இன் எத்தனை நிமிடத்தில் முடிகிறது என்பதைத்தான் மேலாளர் அளக்கிறார். மதியம் வரிசை நீள்கிறது என்றால் மேசையில் இன்னொருவரை நிறுத்துவது ஒரு வகைக் கற்றல். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறை கொடுக்கும்படி ஏன் நேரம் வகுத்தோம், அறை சுத்தம் செய்பவர்களின் ஷிப்ட் ஏன் அப்படி இருக்கிறது என்று அடிவேரைக் கேட்பது வேறு வகை. ஆர்கிரிஸ் முன்னதை ஒற்றைச் சுழல் என்றார், பின்னதை இரட்டைச் சுழல் என்றார். பயிற்சி மாணவரின் குறிப்பேடு எப்போதும் ஒற்றைச் சுழலில் நிற்பதற்கு அவரைக் குறை சொல்லக் கூடாது. ஷிப்டை மாற்றும் அதிகாரம் இல்லாதவரிடம் ‘நீ என்ன கற்றுக்கொண்டாய்’ என்று மட்டும் கேட்டால், நிறுவனத்தின் கோளாறுகளையெல்லாம் தன் குணக்குறையாக எழுதித் தருவார். ‘நேர மேலாண்மையில் நான் முன்னேற வேண்டும்’ என்ற வாக்கியத்துக்குப் பின்னால், ஒரே ஆள் மூன்று பேர் வேலையைச் செய்த கதை ஒளிந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதை இன்னும் அகலமாக விரித்தவர் சுற்றுலாக் கல்வி ஆய்வாளர் ஜான் டிரைப். சுற்றுலாப் படிப்பு திறமையான ஊழியரை உருவாக்கினால் போதாது, சுற்றுலா உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கக் கூடிய ‘தத்துவத் தொழிலரை’ உருவாக்க வேண்டும் என்று 2002-இல் வாதிட்டார். தொழிற்பயிற்சி, தாராளக் கல்வி, செயல், மீள்நோக்கு நான்கையும் ஒரே பாடத்திட்டத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் எண்ணம். வழிகாட்டி கையை நீட்டும் திசையில்தான் கேமராக்கள் திரும்புகின்றன. யாருடைய வீட்டு வாசல் வழியாகக் குழு நடக்கிறது, யாருடைய கதை சொல்லப்படுகிறது, யார் அந்தக் கதையில் பின்னணிக் காட்சியாக மட்டும் நிற்கிறார்கள் என்பவையும் அவர் எடுக்கும் முடிவுகள். ‘நான் நன்றாகப் பேசினேனா’ என்ற கேள்வியோடு முடியும் குறிப்பேட்டில் உள்ளூர்வாசி எவரும் தலைகாட்டுவதில்லை. இதை ஒரு கட்டமாகப் படிவத்தில் சேர்த்தால் அதையும் அழகாக நிரப்பிவிடுவார்கள் என்பதால் சேர்க்கவில்லை. வகுப்பில் வரைபடத்தை விரித்து, போன வழியைக் கோடு போடச் சொல்லி, அந்தத் தெருவில் வசிப்பவராக இருந்தால் இந்தக் கோட்டை எங்கே வளைப்பாய் என்று கேட்கிறேன். அப்போது வரும் சண்டைகள் சுவையானவை.

இப்போது புதிதாக ஒரு விஷயம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘ஹோட்டல் களப்பயிற்சி, கிப்ஸ் வட்டம், ஆறு தலைப்பு’ என்று சொன்னால் நொடியில் குறிப்பு தயார். எந்த ஹோட்டல் வாசலையும் மிதித்திராத கருவி, பதற்றத்தையும் தன்னம்பிக்கையையும் கச்சிதமாக எழுதிவிடுகிறது. சக ஆசிரியர்கள் பலர் இதைப் பெரிய கேடாகப் பார்க்கிறார்கள். எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அங்கே இல்லாத ஒன்றால் எழுதிவிட முடிகிற குறிப்பு, அங்கே இருந்தவர் எழுதியபோதும் பெரிதாக எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

நான் செய்த மாற்றங்கள் எளியவை. வாராந்திரக் குறிப்பை நிறுத்திவிட்டேன். பயிற்சிக் காலம் முழுவதற்கும் மூன்று சம்பவங்கள் போதும். ஒவ்வொன்றிலும் பெரும்பகுதி விவரணை. தான் ஊகித்த இடங்களை மாணவரே அடிக்கோடிட வேண்டும். உடன் இருந்த ஒருவர் அதே சம்பவத்தை எப்படிப் பார்த்தார் என்பதும் வேண்டும். உணர்வுகளுக்கு மதிப்பெண் இல்லை. எழுத விரும்பினால் எழுதலாம், நான் படிக்காமல் விடவும் சொல்லலாம். பிறகு நேரில் ஒரு உரையாடல். அதில் நான் கேட்பது சின்னக் கேள்விகள்: அவர் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, நீ பேசி முடித்ததும் முதலில் யார் அசைந்தார்? அங்கே இருந்தவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘இருங்கள், அது அப்படி இல்லை’ என்று தாங்கள் எழுதியதையே திருத்தத் தொடங்குவார்கள். அந்தத் திருத்தத்துக்குத்தான் மதிப்பெண்.

துறைக் கூட்டத்தில் இதற்கு எழுந்த ஆட்சேபம் நேரம் பற்றியது. அறுபது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரோடும் எப்படி உட்கார்ந்து பேசுவது என்றார்கள். நியாயமான கேள்விதான். பயிற்சி தரும் ஹோட்டல்களிடமும் இதையே சற்று மாற்றிக் கேட்டுப் பார்த்தேன்: ஷிப்ட் முடிவதற்கு முன், சம்பள நேரத்துக்குள்ளேயே, பயிற்சி மாணவரும் மூத்தவர் ஒருவரும் கால் மணி நேரம் உட்கார்ந்து அன்றைய ஒரே ஒரு சம்பவத்தைப் பேச முடியுமா? ஷிப்ட் முடிந்த பிறகு என்றால் எல்லோரும் சம்மதிக்கிறார்கள். அதற்குள்ளே என்றதும், அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்கள். இந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஹோட்டல் ஒப்புக்கொண்டிருக்கிறது, அதுவும் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் மட்டும்.